கடல் கடந்து வந்த காசு

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள்.

நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்க்கிறார்கள். கல்லிலே செதுக்கிய சங்கிலியைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். பிறகு பட்டுச் சேலைக் கடைக்குப் போகிறார்கள். தறிச் சத்தம் கேட்கும் வீடுகளையும் எட்டிப் பார்க்கிறார்கள்.

திரும்பும்போது ஒருவர் சட்டைப் பையைத் துழாவுகிறார். வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் சிறுவன் கையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போகிறார்.

சிறுவனுக்கு மகிழ்ச்சி. பெட்டிக் கடைக்கு ஓடுகிறான்.

"தம்பி, இது செல்லாது" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுக்கிறார்.

வங்கிக்குப் போனாலும் பெரும்பாலும் அதே பதில்தான். வெளிநாட்டு நோட்டு என்றால் மாற்றித் தருவார்கள். சில்லறை என்றால் தொடமாட்டார்கள். பணம் மாற்றும் கடைகளிலும் அப்படியே. நோட்டை ஒரு கவரில் போட்டு அனுப்பிவிடலாம். சில்லறையை மூட்டை கட்டிக் கடல் கடந்து அனுப்பினால், கூலிக்குக்கூட அது போதாது!

பெரிய கோயில்களின் உண்டியல்களிலும் இந்தத் தொல்லை உண்டு. பக்தர் அன்போடு போடும் அயல்நாட்டுச் சில்லறை மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிடுகிறது. அதை எளிதில் பணமாக்க முடிவது இல்லை.

இப்படிச் செல்லாத காசைத் தேடித் தேடிச் சேர்ப்பதுதான் உலகம் எங்கும் பலருக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

செலவு இல்லாத பொழுதுபோக்கு

இந்தப் பொழுதுபோக்குக்குப் பணக்காரராக இருக்க வேண்டியது இல்லை.

தமிழ்நாட்டில் வெளிநாட்டு உறவு இல்லாத தெரு குறைவு. மாமா சிங்கப்பூரில் இருப்பார். சித்தப்பா துபாயில் இருப்பார். பக்கத்து வீட்டுப் பெண் மலேசியாவில் வாழ்க்கைப்பட்டிருப்பாள். அவர்கள் ஊருக்கு வரும்போது, மிஞ்சிய சில்லறை பையின் மூலையில் கிடக்கும். கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

பாட்டியின் பெட்டியையும் மறக்கக்கூடாது. பர்மாவில் இருந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. இலங்கைத் தோட்டங்களில் இருந்து திரும்பியவர்கள் உண்டு. மூட்டை முடிச்சோடு அந்த நாட்டுக் காசு நாலைந்தும் வந்திருக்கும். சிங்க உருவம் போட்ட பர்மா காசு, மரம் போட்ட இலங்கைக் காசு, இவை இன்னும் பல வீடுகளில் வெற்றிலைப் பெட்டியில் தூங்குகின்றன.

ஒரு சந்தேகம் வரும். வெளிநாட்டுக் காசை வீட்டில் வைத்திருந்தால் குற்றம் ஆகாதா?

ஆகாது. அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாட்டு நாணயத்தை யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அளவு கிடையாது. நோட்டுக்குத்தான் உச்சவரம்பு உண்டு.

சீனத்துச் சரம்

வெளிநாட்டுக் காசு நமக்குப் புதிது அல்ல. காஞ்சிக்கு மிகவும் பழக்கமானது.

சீனாவின் ஹான் பேரரசின் வரலாற்று நூலில் 'ஹுவாங்சி' என்று ஒரு தொலைதூர நாடு வருகிறது. அது காஞ்சியே என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். மறுப்பவர்களும் உண்டு. அந்தப் பக்கத்து நாடுகளுக்குச் சீனர்கள் எதைக் கொண்டு வந்தார்களாம், தெரியுமா? பொன்னும் பட்டும்! அவற்றைக் கொடுத்து முத்து வாங்கிப் போனார்களாம். இன்றைக்குப் பட்டுக்குப் பெயர்போன ஊருக்கு, அன்றைக்குப் பட்டு வந்தது என்றால் வேடிக்கைதான்.

சோழர் காலத்தில் இந்தத் தொடர்பு இன்னும் பெருகியது. 1077-ம் ஆண்டு குலோத்துங்க சோழனின் தூதர்கள் 72 பேர் சீனாவுக்குப் போனார்கள். அவர்கள் கொடுத்த பரிசுகளுக்கு ஈடாகச் சீனப் பேரரசர் 81,800 சரம் செப்புக் காசு கொடுத்தார் என்று சீனக் குறிப்பு சொல்கிறது.

அது என்ன சரம்?

சீனக் காசு வட்டமானது. நடுவில் சதுர ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாகக் கயிறு கோத்துப் பூச்சரம் போலத் தூக்கிச் செல்வார்கள். பெயரளவில் ஒரு சரத்துக்கு 1,000 காசு.

தஞ்சைப் பக்கத்தில் தாலிக்கோட்டை, விக்கிரமம், ஒலயக்குன்னம் ஆகிய ஊர்களில் இத்தகைய சீனக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன.

இந்தச் சீனக் காசை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று அழைத்தார்கள். அது எங்கிருந்து வந்த சொல்? நம் 'காசு'தான்! தமிழ்க் காசைப் போர்த்துக்கீசியர் தங்கள் வாயில் போட்டு மென்றார்கள். அவர்களிடம் இருந்து ஆங்கிலேயர் வாங்கிக்கொண்டார்கள். பெட்டியில் இருக்கும் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. அது பிரெஞ்சில் இருந்து வந்தது. இரண்டும் ஒன்று போல ஒலிப்பது தற்செயல்.

வெட்டுப்பட்ட ராஜா

புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி என்று ஓர் ஊர். 1898-ம் ஆண்டு அங்கே ஒரு புதையல் கிடைத்தது.

அத்தனையும் தங்கக் காசு. எண்ணிப் பார்த்தால் 501!

ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு பவுன் எடை. அத்தனையும் ரோமாபுரிக் காசு. ஆகஸ்டஸ் சக்கரவர்த்தி முதல் வெஸ்பாசியன் சக்கரவர்த்தி வரை பல அரசர்களின் தலை அதில் பொறித்திருந்தது. அதாவது 1,900 ஆண்டுக்கு முந்திய பொன்.

அதில் ஓர் ஆச்சரியம். பெரும்பாலான காசுகளில் அரசர் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டு விழுந்திருந்தது. ஏதோ ஒன்றிரண்டில் அல்ல. பத்துக்கு ஒன்பதுக்கு மேல்!

ஏன் வெட்டினார்கள்?

உள்ளே செம்பு வைத்து மேலே தங்க முலாம் பூசியிருக்கிறதா என்று சோதிக்க வெட்டியிருக்கலாம் என்கிறார்கள் சிலர். ஆனால் சோதிக்க ஓரத்தில் ஒரு கீறு போதுமே? முகத்தில் வெட்டுவானேன்? இனி இது காசு அல்ல, வெறும் தங்கம்தான் என்று காட்ட வெட்டினார்கள் என்பது மற்றவர்கள் கருத்து. எது சரி என்று இன்றுவரை முடிவாகவில்லை. இரண்டாவது கருத்தில்தான் பொருத்தம் அதிகம் தெரிகிறது.

கோயம்புத்தூருக்கு அருகே வெள்ளலூரில் 1842-ம் ஆண்டு வெள்ளிக் காசு 522 கிடைத்தது. அவையும் ரோமாபுரிக் காசுகளே.

இத்தனை பொன்னும் வெள்ளியும் எதற்காக வந்தன? மிளகு, முத்து, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பச்சைக் கல், மெல்லிய துணி ஆகியவற்றை ரோமாபுரி மக்கள் ஆசையோடு வாங்கினார்கள். ஆண்டுதோறும் 5 கோடி 'செஸ்டர்ஸ்' இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி என்ற ரோமாபுரி அறிஞர் எழுதி வருந்தினார். செஸ்டர்ஸ் என்பது அந்த நாட்டு நாணயம்.

கரூர் ஆற்று மணலில்

கரூரில் அமராவதி ஆறு ஓடுகிறது. ஆற்று மணலைச் சலித்து உலோகத் துண்டு தேடுவோர் அங்கே உண்டு. மோதிரம் கிடைக்கும். ஈயத் துண்டு கிடைக்கும். தேய்ந்துபோன செப்புக் காசும் கிடைக்கும்.

அது எங்கே போகும்? பாத்திரக் கடைக்குப் போகும். பழைய உலோகம் வாங்கும் கடைக்குப் போகும். அங்கிருந்து உலைக்குப் போகும்.

அப்படிப் போகாமல் காத்தவர்கள் காசு சேர்ப்போர்தான்.

அவர்களில் முக்கியமானவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த ஆர். கிருஷ்ணமூர்த்தி. 2021-ம் ஆண்டு காலமானார். பத்திரிகை வேலைக்கு இடையே பழைய காசு தேடி அலைந்தவர் இவர். தேய்ந்த காசுகளைப் பூதக் கண்ணாடி வைத்துப் படித்தார். அப்படிப் படித்தபோது ஒரு காசில் 'பெருவழுதி' என்று பழந்தமிழ் எழுத்தில் இருந்தது. வழுதி என்பது பாண்டியர் பெயர். சங்ககாலப் பாண்டியர் சொந்தமாகக் காசு அடித்தார்கள் என்பதற்கு அது கண்கூடான சான்று ஆயிற்று.

கரூர்ப் பக்கத்தில் கிடைத்த ரோமாபுரிச் செப்புக் காசுகளையும் ஆராய்ந்து அவர் நூல் எழுதினார்.

கரூரில் 'மாக்கோதை' என்ற சேர அரசன் பெயர் பொறித்த வெள்ளிக் காசும் கிடைத்திருக்கிறது. அதில் அரசனின் தலை உண்டு. ரோமாபுரிக் காசைப் பார்த்து அந்த மாதிரியில் அடித்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். வெளிநாட்டுக் காசைக் கையில் வைத்து உற்றுப் பார்த்த முதல் தமிழர் நாம் அல்ல!

உலையில் போனால் போனதுதான்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு உலையின் கதையைச் சொல்ல வேண்டியது இல்லை.

பழைய பட்டுச் சேலையை விலைக்கு வாங்குவோர் தெருத் தெருவாக வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பட்டு அல்ல. சரிகையில் உள்ள வெள்ளி! சேலையை எரித்து, சாம்பலில் இருந்து வெள்ளியை எடுத்துவிடுகிறார்கள். பாட்டி கல்யாணத்தில் கட்டிய சேலை. இன்றைக்கு நெய்யத் தெரியாத கரை. ஒரு மணி நேரத்தில் ஒரு வெள்ளிக் குண்டு ஆகிவிடுகிறது.

காசும் அப்படித்தான். உருக்கினால் ஐந்து கிராம் செம்பு. உருக்காமல் வைத்தால் ஓர் அரசன் பெயர்.

மண்ணில் புதையல் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்? 1878-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்றும் இருக்கிறது. புதையலின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் குற்றம். ஆகவே வயலில் ஏர் ஓட்டும்போது பானை தட்டுப்பட்டால் ஆசாரி வீட்டுக்கு ஓடக்கூடாது. தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும்.

இன்னொரு சட்டம் 1972-ம் ஆண்டு வந்தது. அதன்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். அதைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

கடலில் மூழ்கிய சென்னைக் காசு

காசு சேர்ப்போர் சொல்லும் கதைகளில், தமிழ்நாட்டாருக்கு மிக நெருக்கமானது ஒரு கப்பல் கதை.

அந்தக் காலத்தில் சென்னை ராஜதானியில் ரூபாய்க் கணக்கு பெரிதாக இல்லை. வராகன், பணம், காசு என்றுதான் கணக்கு. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன்.

காசு தட்டுப்பாடு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் காசு அடித்து வரவழைக்க ஏற்பாடு செய்தது. பர்மிங்காம் நகரில் மாத்யூ போல்டன் என்பவர் நீராவி எந்திரத்தால் காசு அடிக்கும் ஆலை வைத்திருந்தார். அங்கே 10 காசு, 20 காசு என்று செப்பு நாணயங்கள் ஆயின. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து.

1808-ம் ஆண்டு தேதியிட்ட அந்தக் காசுகளைப் பீப்பாய்களில் அடைத்து 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். 48 டன் காசு!

1809-ம் ஆண்டு ஜனவரி மாதம். கப்பல் புறப்பட்டுவிட்டது. இங்கிலாந்தின் கரையைக்கூட இன்னும் தாண்டவில்லை. டோவர் துறைமுகத்துக்கு வடக்கே 'குட்வின்' மணல் திட்டு என்று ஒன்று இருக்கிறது. எத்தனையோ கப்பல்களை விழுங்கிய திட்டு அது.

24-ந் தேதி இரவு புயல் அடித்தது. கப்பல் திட்டில் மோதியது. மணல் அதை விழுங்கிவிட்டது.

சென்னையில் சந்தைக்குப் போகவேண்டிய காசு. கீரை வாங்கவேண்டிய காசு. கூலிக்காரன் மடியில் முடியவேண்டிய காசு. அத்தனையும் ஆங்கிலக் கடலின் அடியில் கிடந்தது.

175 ஆண்டுகள் கழிந்தன.

1980-களில் முக்குளிப்போர் கப்பல் கிடந்த இடத்துக்குப் போனார்கள். 1985-ம் ஆண்டு வாக்கில் சுமார் 10 லட்சம் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். சில காசுகள் கடல் உப்பு தின்று கறுத்துப்போயிருந்தன. சில நேற்று அடித்தது போலப் பளபளத்தன.

இவ்வளவு காசு ஒரே நேரத்தில் வந்ததால் விலை ஏறவில்லை. ஆகவே பள்ளிப் பிள்ளைகள்கூட வாங்க முடிந்தது. இன்றைக்கு அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் காசு சேர்ப்போர் பலரிடம் ஒரு சென்னைக் காசு இருக்கிறது. சென்னைத் தெருவைப் பார்க்காத சென்னைக் காசு!

பனை மரமா, கொடிக் கம்பமா?

வெளிநாட்டுக் காசு நம் பெண்களின் கழுத்திலும் ஏறியது.

காசுமாலையைப் பார்த்திருப்பீர்கள். இன்று ஆசாரி அச்சில் தட்டிய காசு. முன்பு பல மாலைகளில் உண்மையான காசையே கோத்தார்கள். இத்தாலியில் வெனிஸ் நகரத்தார் அடித்த 'டக்கட்' என்ற தங்கக் காசு அதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. சுத்தத் தங்கம். மூன்றரை கிராம் எடை. 1284-ம் ஆண்டு முதல் 1797-ம் ஆண்டு வரை, 500 ஆண்டுகளுக்கு மேல், ஒரே தரம்.

அந்தக் காசில் வெனிஸ் அரசர் மண்டியிட்டு ஒரு புனிதரிடம் இருந்து கொடி வாங்குவது போல உருவம் இருக்கும். நம் ஊரில் அதைப் பார்த்தவர்களுக்குக் கொடிக் கம்பம் பனை மரமாகத் தெரிந்தது. அரசர் பனை ஏறுபவராகத் தெரிந்தார். பனை மரத்துக் காசு என்றே நினைத்தார்கள்.

வெனிஸ் அரசரைப் பனை மரத்தில் ஏற்றியது நம் ஊர்க் கற்பனை!

அயல்நாட்டுக் காசில் தமிழ்

தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கும் இந்தப் பொழுதுபோக்கில் ஒரு மகிழ்ச்சி காத்திருக்கிறது. வெளிநாட்டுக் காசில் தமிழ் எழுத்து உண்டு.

இலங்கைக் காசில் 'இலங்கை' என்று தமிழில் இருக்கும். இன்று நேற்று வந்தது அல்ல. 1870-ம் ஆண்டுச் செப்புச் சதத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி. மறுபக்கம் நடுவில் ஒரு மரம். மரத்தின் ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ். அதற்கும் பல நூற்றாண்டுக்கு முன்பே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் நந்தியின் உருவமும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்துக் காசு அடித்தார்கள்.

சிங்கப்பூர்க் காசிலும் தமிழ் இருக்கிறது. 1985-ம் ஆண்டு முதல் வந்த காசுகளில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் இருக்கும். நாட்டின் அரசுச் சின்னத்தைச் சுற்றி 'சிங்கப்பூர்' என்று பொடி எழுத்தில் பார்க்கலாம்.

மொரிஷியஸ் தீவில் காசில் இல்லை, நோட்டில் உண்டு. அங்கே ஒரு கலகமே நடந்தது. 1998-ம் ஆண்டு அச்சிட்ட நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். முன்பு தமிழ்தான் மேலே இருந்தது. அங்குள்ள தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள். அந்த நோட்டுகளை அரசு திரும்பப் பெற்றது. சேர்ப்போருக்கு அது இப்போது அரிய நோட்டு.

எந்த நாடு? எந்த ஆண்டு?

காசு கிடைத்துவிட்டது. எந்த நாட்டுக் காசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆங்கில எழுத்து இருந்தாலும் ஏமாந்துபோகலாம். 'ஹெல்வெட்டியா' என்று போட்டிருந்தால் அது சுவிட்சர்லாந்து. 'சுவோமி' என்றால் பின்லாந்து. 'மாகியார்' என்று தொடங்கினால் ஹங்கேரி. அவரவர் வீட்டுப் பெயர் வேறு, ஊரார் வைத்த பெயர் வேறு.

துபாய், குவைத் காசுகளில் அரபு எண் இருக்கும். வட்டமாகச் சுழி போட்டிருந்தால் பூஜ்யம் என்று நினைக்காதீர்கள். அது ஐந்து! வெறும் புள்ளி வைத்திருந்தால் அதுதான் பூஜ்யம். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளாமல் 50-ஐயும் 5-ஐயும் குழப்பிக்கொள்வோர் பலர்.

இன்னொரு செய்தியும் உண்டு. வளைகுடா நாடுகளில் 1960-களின் நடுப்பகுதி வரை நம் ரூபாய்தான் பல இடங்களில் ஓடியது. 1966-ம் ஆண்டில் பெரும்பாலான இடங்களில் நின்றது. அன்றைக்கு அங்கே நம் காசு வெளிநாட்டுக் காசு அல்ல.

தாய்லாந்துக் காசில் ஆண்டு 2560 என்று இருக்கும். இன்னும் பிறக்காத ஆண்டா? இல்லை. அது புத்தர் ஆண்டுக் கணக்கு. 543-ஐக் கழித்தால் 2017 வரும். நேபாளக் காசு விக்கிரம ஆண்டுக் கணக்கு. 57-ஐக் கழிக்க வேண்டும்.

ஜப்பான் காசில் பேரரசர் பட்டத்துக்கு வந்து எத்தனையாவது ஆண்டு என்று இருக்கும். ஜப்பானின் 5 யென் காசில் நடுவே ஓட்டை. நெற்கதிர், தண்ணீர், பல் சக்கரம் மூன்றும் அதில் உண்டு. உழவு, மீன்பிடிப்பு, தொழில் என்று பொருள். அந்தக் காசைத்தான் ஜப்பானியர் கோயிலில் போடுவார்கள். '5 யென்' என்பதும், 'நல்ல தொடர்பு' என்பதும் அவர்கள் மொழியில் ஒரே ஒலியாம்.

ஓட்டைக் காசு நமக்கும் தெரிந்ததுதான். 1943-ம் ஆண்டு முதல் 1947-ம் ஆண்டு வரை அடித்த ஓட்டைக் காலணாவைத் தாத்தாக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அது யுத்த காலம். செம்பு கிடைப்பது அரிது. நடுவில் தோண்டி மிச்சம் பிடித்தார்கள். அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தை இடுப்பில் கட்டியவர்கள் உண்டு.

இங்கிலாந்துக் காசில் ஒரு வேடிக்கை. ஒரு அரசரின் முகம் வலப் பக்கம் பார்த்தால், அடுத்தவர் முகம் இடப் பக்கம் பார்க்கும். 300 ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் இது. எலிசபெத் மகாராணி வலப் பக்கம் பார்த்தார். 2022-ம் ஆண்டு அவர் காலமானார். மகன் சார்லஸ் இடப் பக்கம் பார்க்கிறார்.

சில நாட்டுக் காசுகள் இனி வரவே வராது. பிரான்சின் பிராங்க், ஜெர்மனியின் மார்க், இத்தாலியின் லிரா எல்லாம் 2002-ம் ஆண்டு போய்விட்டன. 12 நாடுகள் ஒன்று சேர்ந்து 'யூரோ' நாணயத்துக்கு மாறின. யூரோவில் ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. மறுபக்கம் அவரவர் விருப்பம். அந்தப் பக்கத்தைப் பார்த்து, எந்த நாடு அடித்தது என்று சொல்லிவிடலாம்.

கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இன்று இல்லை. அதன் இலேசான அலுமினியக் காசு இருக்கிறது.

புளி வேண்டாம்

காசு கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் என்ன செய்கிறார்கள்? புளி போட்டுத் தேய்க்கிறார்கள்!

செப்புக் குடம் பளபளக்க வேண்டியதுதான். காசு பளபளக்கக்கூடாது. பல ஆண்டுகளாகக் காசின் மேல் படியும் நிறம்தான் அதற்குக் காப்பு. புளியும் எலுமிச்சையும் சாம்பலும் அதை அரித்துவிடும். எழுத்தும் மழுங்கும். விவரம் தெரிந்தவர் தேய்த்த காசைக் கண்டதும் கீழே வைத்துவிடுவார். அழுக்காக இருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

காசை ஓரத்தில் பிடிக்க வேண்டும். விரல் ரேகை நடுவில் பட்டால் வியர்வை உப்பு நாளடைவில் கறையாகும். மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டால் பச்சையாகப் பிசுபிசுப்பு வரும். காகித உறை நல்லது. உறையின் மேல் நாடு, ஆண்டு, யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று எழுதிவைக்க வேண்டும். மாமாவுக்கு வயதான பிறகு அவரிடம் கேட்டால் நினைவு இருக்காது.

துளை போடவே கூடாது.

லட்ச ரூபாய் ஆசை

'பழைய காசு இருக்கிறதா? லட்ச ரூபாய் தருகிறோம்!'

இப்படிச் செல்போனில் செய்தி வருகிறது. அம்மன் உருவம் போட்ட 5 ரூபாய்க் காசு, பழைய 1 ரூபாய் நோட்டு, வெளிநாட்டுக் காசு எல்லாவற்றுக்கும் விலை சொல்கிறார்கள். பேசினால் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். கடைசியில், "வரியாக 2,000 ரூபாய் கட்டுங்கள், கமிஷனாக 5,000 ரூபாய் அனுப்புங்கள்" என்கிறார்கள். அனுப்பியதோடு சரி. போன் எடுக்கமாட்டார்கள்.

ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும்கூடக் காட்டி ஏமாற்றினார்கள். 2021-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு வாங்குவதோ விற்பதோ தங்கள் வேலை அல்ல. அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பது இல்லை என்று அறிவித்தது.

உள்ளதைச் சொன்னால், வீட்டில் கிடைக்கும் வெளிநாட்டுச் சில்லறையில் பெரும்பாலானது விலை போகாது. கோடிக்கணக்கில் அடித்த காசுக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்? வாங்குபவரிடம் இருந்து பணம் வரவேண்டுமே தவிர, விற்பவர் பணம் கட்டும்படி கேட்டால் அது மோசடி.

நல்ல காசைப் பார்க்க வேண்டுமானால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1851-ம் ஆண்டு தொடங்கிய பழைய நிலையம் அது. காசுகளுக்கு என்றே அங்கே தனிப் பகுதி உண்டு. தமிழ்நாட்டில் புதையலாகக் கிடைத்த காசுகள் பல அங்கேதான் இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் இருந்து காலையில் ரெயில் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம்.

கண்ணாடிக்குள் இருக்கும் ரோமாபுரிக் காசைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபின், மாமா கொடுத்த சிங்கப்பூர்க் காசை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்துதான். விளக்கு வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடித்தால் 'சிங்கப்பூர்' என்று படிக்க முடியும்.